கூட்டத்தோடு வந்தவரைக் கூட்டத்தோடு தேடுதல்: தோட்டத் தமிழர் குடிவழி ஆய்வில் உள்ளூர்ப் பதிவுகள்

மலேசியத் தமிழரிடையே தத்தம் முன்னோர் எவ்வூரிலிருந்து புறப்பட்டு வந்தனர் என அறியும் வேட்கை பெருகி வருகின்றது. தோட்டங்களை விட்டு நகரங்களுக்கு வந்துவிட்ட மூன்றாம், நான்காம் தலைமுறையினரிடம் இவ்வேட்கை மிகுதியாகக் காணப்படுகின்றது. தமிழாசிரியர் பலர் குடிவழி வரைபடம் எழுதும் பயிற்சியை மாணவர்க்குத் தருகின்றனர். ஆயின் அவ்வரைபடம் பெரும்பாலும் பாட்டனார் பெயரோடு நின்றுவிடுகின்றது. அதற்கு மேலுள்ள கட்டத்தில் ‘இந்தியா’ என்னும் ஒரு சொல்லே எழுதப்படுகின்றது. அது ஏன் அவ்வாறு நிற்கின்றது, அதனைக் கடக்க வழியுண்டா என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. கங்காணி முறையில் வந்த ஒருவரைத் தனியராகத் தேடுவதினும் அவரோடு வந்த கூட்டத்தைத் தேடுவதே பயன் தரும் என்பது நாம் கண்ட முடிபாகும்.

எண்ணப்பட்டவரும் எழுதப்பட்டவரும்

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 152,184 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அவ்வெண்ணின் நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியன கப்பற்பட்டியலில் எழுதப்பட்டன. மொரீசியசில் ஒப்பந்தக் குடியேறிகளின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களும் அங்குள்ளன. டர்பனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் பாட்டனாரின் எண்ணை அறிந்திருந்தால், அவர் புறப்பட்ட ஊரின் பெயரை, எழுத்துப் பிழையோடேனும், பெற்றுவிட இயலும்.

மலாயாவின் நிலை வேறு. இங்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றிய கங்காணி முறை, 1907இல் நிறுவப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியத்தின் துணையோடு ஓங்கி வளர்ந்தது. பயணச் செலவை அந்நிதியம் ஏற்றது. வந்தவர் கடன்பட்டவராகக் கரையிறங்க வேண்டியதில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்திற்குச் செல்லவும் சட்டம் இடமளித்தது. ஆளைப் பல்லாண்டு கட்டிவைக்காத முறைக்கு அவரைப் பற்றிய முழு விவரம் வேண்டியிருக்கவில்லை. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலும், பினாங்கின் ஜெரஜாக் தீவிலும், போர்ட் சுவெட்டன்ஹாம் தொற்றுத்தடை முகாமிலும் அவர்கள் தலை தலையாக எண்ணப்பட்டனர். ஆண்டறிக்கைகளில் அவ்வெண்கள் ஆண், பெண், சிறுவர் எனப் பிரித்துத் தரப்பட்டுள்ளன. கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட நூலில் உள்ள விரிவான அட்டவணைகளுக்கும் இத்தகைய எண்களே அடிப்படை. மக்கட்பெயர்ச்சியின் அளவை ஆராய்வோர்க்கு அவை கருவூலம். தம் பாட்டனாரைத் தேடுவோர்க்கு அவற்றில் ஒருவர் பெயரும் இல்லை. கொடிய முறை பெயர்களைக் காத்து வைத்ததும், அதனினும் தளர்ந்த முறை அவற்றை உதிர்த்துவிட்டதும் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றெனலாம்.

தோட்டத்துத் தாள்கள்

எனவே நாம் துறைமுகத்தை விட்டுத் தோட்டத்திற்கு வரவேண்டியுள்ளது. செக்ரோல் என வழங்கிய வருகைப் பதிவேடே அங்கு முதன்மையானது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணி எழுதிய அப்பதிவேட்டில் தொழிலாளியின் எண், பெயர், வேலை நாள், கூலி, பிடித்தம் ஆகியன காணப்படும். பிறந்த ஊர் இராது. ஆயினும் பெயர்கள் கங்காணிவாரியாகப் பகுக்கப்பட்டிருக்கும் செக்ரோல் கிடைக்குமாயின் அதனைப் பொன்னேபோல் போற்றுதல் வேண்டும். இதன் காரணம் பின்னர் விளங்கும். சப்பானியர் ஆட்சியிலும், 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலிலும், பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் இவ்வேடுகள் பேரளவில் அழிந்தன. கறையான் கொண்டு போனவை போக எஞ்சியவற்றுள் சில, ஓய்வு பெற்ற கிராணிமார் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் நமக்குத் தொல்லை தருவது பெயரே. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே உடன் வரும். மேலைநாட்டுக் குடிவழி நூல்கள் சொல்லும் வழிமுறை, குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வதாகும். நமக்கு அது தலைமுறைதோறும் அறுந்துபோகின்றது. பாட்டனார் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன் என்றும் பேரன் என்றும் வழங்குகிறோம். அவ்வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வந்து, துணை செய்வதோடு மயக்கமும் தருகின்றது. தமிழறியாத எழுத்தர் உரோமன் எழுத்தில் எழுதிய பெயர்களோ ஒரே குடும்பத்து உடன்பிறந்தாரைக்கூட வெவ்வேறு தந்தையின் மக்கள்போல் காட்டும். இதனால் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. 1957இல் கூட்டரசுக் குடியுரிமை பிறப்போடு இணைக்கப்பட்டபின், ‘சூராட் பெரானாக்’ என நம்மவர் வழங்கும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்க்கு அது வாழ்க்கைச் சிக்கலாயிற்று. குடிவழி ஆய்வை ஓய்வுநேரப் பொழுதுபோக்கெனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நெருக்கடிகாலத்தில், 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்டோர் அனைவரையும் உட்படுத்தியது. பல குடும்பங்களில் மூத்தவரின் முதல் நிழற்படம் அப்போது எடுத்ததே. ஆயின் அதிலுள்ள வயதை அப்படியே நம்புதல் கூடாது. பிறந்த ஆண்டு அறியாதவரை எழுத்தர் பார்த்த பார்வையில் மதிப்பிட்டு எழுதிய வயது அது. பெண்களின் நிலை இன்னும் அரிது. இன்னாரின் மனைவி என்ற அளவில் பதிவு நின்றுவிட, அவர் தந்தை எவர், பிறந்த ஊர் எது என்பன மறைந்தொழிகின்றன. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதோர்க்கு இறப்புப் பதிவும் வாய்க்கவில்லை. அவர்தம் மக்கள் 1943ஆம் ஆண்டோடு வரைபடத்தை வெறுமையாக விடுகின்றனர்.

அரசுப் பதிவுகளைவிட வீட்டுத் தகரப்பெட்டி மிகுதியாகப் பேசும் என்பது நம் பட்டறிவு. ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் இரசீது, அஞ்சல் அட்டை, பிற்காலத்தில் ‘இரஜூலா’ கப்பலில் ஊர் சென்று திரும்பியவரின் கடவுச்சீட்டு ஆகியவற்றில் அஞ்சலகமும் வட்டமும் இருக்கும். தோட்டத்துக் கோயிலும் ஓர் ஆவணக் காப்பகமே. உபயக்காரர் பெயர்ப்பலகை, எவ்வூர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவரப்பட்டது என்னும் செவிவழிச் செய்தி, குலதெய்வத்தின் பெயர் ஆகியன ஊரை நோக்கிக் கை காட்டும். முறைப்பெயர்களையும் கேட்டறிதல் வேண்டும். தந்தையின் தாயை அப்பத்தா என்று அழைக்கும் வீடும் அப்பாயி என்று அழைக்கும் வீடும் ஒரு வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருத்தல் அரிது. அப்புச்சி என்னும் சொல் கேட்டால் கொங்கு நாட்டை நினைத்துப் பார்க்கலாம். தோட்டத்து லயங்களில் வழக்குகள் கலந்துவிட்டமையால் இச்சான்றைத் தனித்து நம்பாது, பிறவற்றோடு பொருத்தியே கொள்ளுதல் தகும்.

தமிழ்நாட்டு நிலப் பதிவேடுகளைத் தேடிச் செல்வோர்க்கு ஒரு சொல். அடங்கலும் பட்டாவும் நிலம் உடையாரின் வரலாற்றைச் சொல்வன. இங்கு வந்தோருள் மிகப் பலர் நிலமற்றவர்கள். தம் முன்னோர் பெயர் அங்கில்லையென மனம் நோவோர், இல்லாமையே அவர் ஏன் கப்பலேறினார் என்பதற்கு விடையாதலை உணரலாம்.

அக்கரை

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் தேடலில் நாமும் சிறிது பங்குகொண்டோம். பாட்டனார் 1920களில் வந்தவர். இறப்புப் பதிவில் பிறந்த இடம் ‘இந்தியா’. வீட்டில் இருந்த ஒரே தடயம் குளித்தலை அஞ்சலகத்திற்குப் பணம் அனுப்பிய இரசீது. பெயரர்கள் குளித்தலைக்கு இருமுறை சென்றனர். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த கரூர் மாவட்டத்தில் அது இன்று உள்ளது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் கேட்டும் எவரும் அறியவில்லை. பாட்டனார் தம்மை ‘அக்கரைக்காரன்’ என்று சொல்லிக்கொள்வார் என்பது மட்டும் குடும்பத்தில் நினைவில் இருந்தது. கடல் கடந்து வந்தவர் தம்மை அவ்வாறு கூறிக்கொள்ளல் இயல்பே என அனைவரும் கருதினர்.

இந்நிலையில் அதே தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குக் குடிபெயர்ந்த வேறொரு குடும்பத்தினரும் தம் முன்னோரைத் தேடி வருவது தெரியவந்தது. இரு குடும்பமும் உறவல்ல, சாதியும் வேறு. ஆயினும் பழைய செக்ரோலின் கிழிந்த பக்கமொன்றில் இருவர் பாட்டனாரும் ஒரே கங்காணியின் கீழ் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தனர். இங்குக் கங்காணி முறையின் இயல்பை நினைவுகூர்தல் வேண்டும். தோட்டத்துரை கொடுத்த உரிமச் சீட்டோடு கங்காணி சென்றது தன் ஊருக்கும் அண்டை ஊர்களுக்குமே. கிராம முன்சீப்பின் ஒப்பம் பெற்றே அவர் ஆளை அழைத்துவர வேண்டியிருந்தது. வேலைக்கு வரும் ஒவ்வொருவர் பொருட்டும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தமையால் கூட்டம் கலையாதிருத்தல் அவர் நலன். எனவே ஒரே கங்காணியின் பெயரின் கீழ் வருவோர், பெரும்பாலும் ஒரு நாள் நடையில் சென்றடையத்தக்க ஊர்களைச் சேர்ந்தவர்களாவர். ஒருவர் வீட்டில் தொலைந்த செய்தி மற்றவர் வீட்டில் இருத்தல் கூடும்.

அவ்வாறே இருந்தது. சிரம்பான் குடும்பத்தினரிடம் 1950களில் பெற்ற கடவுச்சீட்டு ஒன்று உண்டு; அதில் முசிறி வட்டம் எனக் கண்டிருந்தது. அவ்வீட்டு மூதாட்டியாரிடம் ‘அக்கரை’ பற்றிக் கேட்டபோது அவர் நகைத்தார். “கங்காணி குளித்தலை. நாமெல்லாம் ஆத்துக்கு அக்கரை” என்றார். காவிரியின் தென்கரையில் குளித்தலையும் எதிரே வடகரையில் முசிறியும் அமைந்திருப்பதைப் படத்தில் பார்த்தால் அவர் கூற்று விளங்கும். பணம் கங்காணி வழியே சென்றமையால் இரசீதில் கங்காணியின் ஊர் இருந்தது. கடல் எனக் கொண்டது ஆறாக இருந்தது. ஒரு சொல்லைப் பெரிதாகப் பொருள் கொண்டதால் ஒரு குடும்பம் இருபதாண்டுகள் தென்கரையிலேயே தேடிக்கொண்டிருந்தது. அச்சொல்லுக்கு அவ்வாறே பொருள் கொண்டவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முசிறிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ‘மலாய்க்குப் போனவர்’ வீடு எது என்பதை ஊரார் உடனே காட்டினர். அங்கு வாழ்ந்தோர் அவருடைய மூத்த மனைவியின் வழியினர். அப்படியொரு மனைவி இருந்ததை மலேசியக் குடும்பத்தினர் அதற்கு முன் அறியார். கப்பலேறும்போது கைக்குழந்தையாக இருந்த மகளின் மக்கள் அவர்கள். மலேசியப் பெயரர்களுள் சிலர் தேடலை அத்துடன் நிறுத்திவிட விரும்பினர். வேறு சிலர் தொடர்பை வைத்துக்கொண்டனர். எவர் பெயரையும் ஊரையும் எழுதலாகாது எனக் கேட்டுக்கொண்டமையால் நாம் எழுதவில்லை. குடிவழி ஆய்வில் ஈடுபடும் மாணவர்க்கு ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய செய்தி இது. சாதி, மறுமணம், விட்டுவந்த குடும்பம் ஆகியன தாள்களுக்கிடையே இருந்து எழுந்து வரும். கண்டதை வகுப்பறைச் சுவரில் ஒட்டும் உரிமை மாணவர்க்கு உண்டா என்பது வீட்டாரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

ஊரிலிருந்த அம்மையார் இறுதிவரை பூவும் பொட்டும் வைத்திருந்தார் என்றனர். கணவர் இறந்த செய்தி வரவில்லை. ஆகவே அவருக்குப் படையல் இட்டதுமில்லை. நிலமோ பணமோ பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. இறந்த நாள் எதுவென்று மட்டும் கேட்டனர். தோட்ட மருத்துவமனையில் அவர் 1951இல் காலமானதைக் காட்டும் இறப்புப் பதிவின் நகல் அஞ்சலில் அனுப்பப்பட்டது. ஆங்கில நாள் அவர்களுக்குப் போதவில்லை. அவ்வாண்டுப் பாம்புப் பஞ்சாங்கம் ஒன்றைத் தேடியெடுத்து, அந்நாளுக்குரிய திதியைப் பார்த்து எழுதி மீண்டும் ஒரு கடிதம் விடுக்க வேண்டியிருந்தது.