கேட்டும் கேளாமலும்

கிழக்கு லண்டனில் பிரிக் லேனும் ஃபூர்னியர் வீதியும் சந்திக்கும் முடக்கில், 59ம் இலக்கத்தில், செங்கல்லால் கட்டிய ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. சுவரின் உச்சியில் ஒரு நிழற்கடிகாரம். அதில் 1743 என்று பொறித்திருக்கிறது. அகதி என்ற சொல்லை அன்றாடம் உச்சரிக்கும் எம்மவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்கவேண்டிய கட்டிடம் இது.

1685இல் பிரான்சின் மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தருக்கு இருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். ஹியூகெனோக்கள் என அழைக்கப்பட்ட அந்த மக்கள் கடல் கடந்து ஓடினார்கள். 'ரெஃப்யூஜி' என்ற சொல்லே இவர்களோடுதான் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறிப் பட்டு நெய்தவர்கள் தமக்கெனக் கட்டிய தேவாலயம்தான் இது. 1809இல் அது யூதர்களைக் கிறிஸ்தவராக்க முனைந்த ஒரு சங்கத்தின் கைக்குப் போனது. 1819இல் மெதடிஸ்ட் தேவாலயமாயிற்று. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த கொலைகளுக்கும் கொள்ளைகளுக்கும் தப்பி வந்த யூதர்கள் 1898இல் அதைத் தங்கள் தொழுகைக்கூடமாக்கினார்கள். அவர்கள் வசதி கண்டு வடக்கு லண்டனுக்கு நகர்ந்தபின், 1976இல் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் அதைப் பள்ளிவாசலாகத் திறந்தார்கள். இன்றும் அது பள்ளிவாசல்தான்.

ஒவ்வொருவரும் உள்ளே மாற்றினார்கள். பலிபீடம் போய்த் தோரா வைக்கும் பேழை வந்தது; பேழை போய் மக்காவின் திசை வந்தது. ஆனால் வந்தவர் எவரும் அந்த நிழற்கடிகாரத்தைப் பெயர்த்தெடுக்கவில்லை. முன்னவரின் ஆண்டை அழித்துத் தம்முடைய ஆண்டை எழுதவுமில்லை. அதனால்தான் 280 வருடங்களின் கதையை வீதியில் நின்றே வாசிக்க முடிகிறது.

இந்த மாற்றங்களுள் முந்தியவற்றுக்கு எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே பிரித்தானியாவில் மெல்ல மெல்லத்தான் முளைத்தது. 1877இல் வில்லியம் மொறிஸ் புராதன கட்டிடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார். அன்றைய கட்டிடக் கலைஞர்கள் 'புனருத்தாரணம்' என்ற பெயரில் பழைய தேவாலயங்களைச் சுரண்டித் துடைத்து, தாங்கள் கற்பனை செய்த மத்தியகால அழகுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மொறிஸின் கோபம் அதன்மேல்தான். பழுதைத் திருத்து, புதிதுபோல் ஆக்காதே என்பது அவர் கட்சி. ஒரு சுவரின் காயமும் அதன் சரித்திரந்தான் என்று அவர் நினைத்தார். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் யாழ்ப்பாணத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் குண்டுகள் லண்டனைச் சிதைத்தபோது, இடிந்தவற்றுள் எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வி அவசரமாயிற்று. 1944ம், 1947ம் ஆண்டுச் சட்டங்களோடு கட்டிடங்களைப் பட்டியலிடும் முறை வந்தது. அந்தப் பட்டியலுக்குப் பல்லில்லை என்பது 1961இல் தெரிந்தது. யூஸ்டன் ரயில் நிலையத்தின் முன்னால் 1837 முதல் நின்ற பெருங்கல் வளைவை, பிரதமர் மக்மில்லனிடம் தூது போயும் காப்பாற்ற முடியவில்லை. கல் கல்லாகக் கழற்றி எறிந்தார்கள். அந்தச் சூட்டில் 1967இல் தனிக் கட்டிடம் மட்டுமல்ல, ஒரு வட்டாரம் முழுவதையுமே 'பேணற் பிரதேசம்' எனப் பிரகடனம் செய்யும் சட்டம் வந்தது. 1968இல், பட்டியலிலுள்ள கட்டிடத்தைத் தொடுமுன் அனுமதி பெறவேண்டும் என்பது கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் இருப்பது 1990ம் ஆண்டுச் சட்டம். அனுமதியின்றி மாற்றுவது குற்றம். இரண்டு வருடம் வரை சிறைக்கும் போகலாம். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பதிவுகள் இந்தப் பட்டியலில் உள்ளன.

லண்டன் வீதிகளில் விளக்குக் கம்பங்களில் கட்டித் தொங்கும் கடதாசிகளை எம்மில் அநேகர் கவனிப்பதில்லை. இன்ன இலக்கக் கட்டிடத்தில் இன்ன மாற்றம் செய்ய விண்ணப்பித்திருக்கிறார்கள், ஆட்சேபம் இருந்தால் 21 நாட்களுக்குள் எழுதுங்கள் என்று கவுன்சில் அறிவிக்கும் கடதாசி அது. எழுதுபவர் பிரித்தானியப் பிரஜையாக இருக்கவேண்டியதில்லை. வாக்குரிமை இருக்கவேண்டியதில்லை. வதிவிட அனுமதிக்காக ஹோம் ஒஃபிசின் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் ஒருவனும் ஒரு ஜன்னலைப் பற்றி, ஒரு கதவைப் பற்றித் தன் கருத்தை எழுதலாம். என் சொந்த வாழ்க்கையைப் பற்றி யாரும் என் அபிப்பிராயம் கேட்காத ஒரு காலத்தில், அந்தக் கடதாசிகளை நான் ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறேன்.

ஆயினும் இந்த ஏற்பாட்டைப் போற்றிப் பாடிவிட்டுப் போக முடியாது. லண்டனின் இன்னொரு பகுதியில் நான் வேலை செய்த ஒரு றெஸ்ரோரன்ட், பதினெட்டாம் நூற்றாண்டு வீடொன்றின் நிலக்கீழ் அறையில் இருந்தது. குசினிப் புகையை வெளியேற்றப் பின்சுவரோடு ஒரு குழாய் ஏற்றவேண்டும் என்று முதலாளி விண்ணப்பித்தார். பழைய சுவரின் தோற்றம் கெடும் என்று அனுமதி மறுக்கப்பட்டது. வேறு வழி தேடச் செலவாகும் என்று முதலாளியும் விட்டுவிட்டார். எண்ணெய்ப் புகைக்குள் நாங்கள் இருமிக்கொண்டே வெங்காயம் வதக்கினோம். அந்தச் செங்கல்லுக்காகப் பேச ஓர் அதிகாரி இருந்தார். எங்கள் நெஞ்சுக்காகப் பேச அந்தக் கோவையில் ஓர் இடமும் இருக்கவில்லை.

ஸ்பிற்றல்பீல்ட்ஸிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். 1970களில் ஹியூகெனோக் காலத்து வீடுகள் பாழடைந்து கிடந்தன. 1977இல் எல்டர் வீதியில் அத்தகைய வீடுகளை ஒரு பெரும் சொத்து நிறுவனம் இடிக்க முற்பட்டபோது, கட்டிடக்கலை ஆர்வலர்கள் உள்ளே புகுந்து குடியிருந்து தடுத்தார்கள். அவர்கள் அமைத்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் அறக்கட்டளை அப்படித்தான் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், கூப்பிடு தூரத்தில், பெல்ஹாம் பில்டிங்ஸ் என்ற பழைய குடியிருப்புத் தொகுதியில் வங்காளிக் குடும்பங்கள் வெறும் வீடுகளுக்குள் புகுந்து குடியேறின. அவர்களுக்காக 1976இல் வங்காளி வீடமைப்புச் செயற்குழு அமைந்தது. ஒரு சாரார் பழைய சுவருக்காகப் புகுந்தார்கள். மற்றச் சாரார் ஒரு கூரைக்காகப் புகுந்தார்கள். 1978 மே 4ந் திகதி, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அல்தாப் அலி என்ற இளம் தொழிலாளியை இனவெறியர்கள் குத்திக் கொன்றது இந்த வட்டாரத்தில்தான். அவர் பெயரை அங்குள்ள பூங்காவுக்குச் சூட்ட 1998 வரை ஆயிற்று.

சுவர்கள் தப்பின. ஆனால் திருத்திய வீடுகளின் விலை, அங்கே தையல் மெஷின் மிதித்தவர்கள் கனவிலும் எட்ட முடியாத உயரத்துக்குப் போனது. 2000களின் நடுப்பகுதியில் பிரிக் லேனில் 60 அளவில் இருந்த கறிக் கடைகள் 2020இன் தொடக்கத்தில் 23 ஆகக் குறைந்துவிட்டன. கட்டிடத்தின் முகப்பைப் பட்டியலில் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குள் அடுப்பெரிப்பவனைப் பட்டியலில் சேர்க்க இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்க சபை, மெதடிஸ்ட் சபை முதலிய சில கிறிஸ்தவ சபைகள் தமது பட்டியலிட்ட ஆலயங்களை மாற்ற, கவுன்சிலிடம் அந்த விசேட அனுமதியைப் பெறவேண்டியதில்லை, தமக்குள்ளேயே பரிசீலித்துக்கொள்ளலாம். பள்ளிவாசலுக்கும் இந்துக் கோவிலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அதாவது, 59ம் இலக்கம் இன்றும் மெதடிஸ்ட் தேவாலயமாகவே இருந்திருந்தால் அதன் உட்புற மாற்றத்துக்கு ஒரு வழி. பள்ளிவாசல் என்பதால் வேறு வழி. அப்படியிருந்தும் 2009இல் அதன் அருகே 29 மீற்றர் உயரத்தில் மினாரா போன்ற ஓர் எஃகுத் தூண் எழுந்தது. அது பழைய சுவரில் தொற்றி நிற்கவில்லை, தன் காலில் தனியாக நிற்கிறது. பழையதைக் கெடுக்காமல் தன் வருகையைப் பதிவு செய்ய இதுவும் ஒரு வழி.

கேட்பது வேறு, காது கொடுப்பது வேறு என்பதற்கும் பிரிக் லேனே சாட்சி. அங்குள்ள பழைய ட்றூமன் மதுவடிசாலை வளாகத்தில் கடைகளும் அலுவலகங்களும் கட்டும் திட்டத்துக்கு 7,000க்கு மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் போயின. 1970களில் வெவ்வேறு காரணங்களுக்காக வீடுகளுக்குள் புகுந்தவர்களின் வாரிசுகள், வங்காளிகளும் கட்டிட ஆர்வலர்களும், இம்முறை ஒரே பக்கம் நின்றார்கள். ஆனாலும் 2021 செப்ரெம்பரில் ரவர் ஹம்லெற்ஸ் கவுன்சிலின் குழு அனுமதி வழங்கியது. முந்திய கூட்டத்தில் இருந்த உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதியை எதிர்த்து அறக்கட்டளை உச்ச நீதிமன்றம் வரை போய் 2025இல் தோற்றது. தோல்விதான். ஆனால் எங்கே, எப்போது, எந்த விதியின் கீழ் தோற்றோம் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. யார் முடிவெடுத்தார் என்பது ஏட்டில் இருக்கிறது.

இனி யாழ்ப்பாணம். 1959இல் திறந்த பொது நூலகம் 1981 மே 31ந் திகதி இரவு எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதையும் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான் பிறக்க முன்பே எரிந்த கட்டிடம் அது. சிறுவனாக நான் கண்டது புகை படிந்து குண்டு துளைத்த சுவர்களை. பள்ளிக்கூடம் போகும் வயதில் கண்டது பளீரென வெள்ளை பூசிய மண்டபத்தை. எரிந்த பகுதியை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுப் புதிய நூலகத்தை வேறாகக் கட்டவேண்டும் என்ற கருத்து எங்கள் மத்தியில் இருந்தது. 1998க்குப் பின் அரசு பழைய உருவத்திலேயே திருத்தத் தொடங்கியபோது, கரியோடு சாட்சியமும் கழுவப்பட்டது. மொறிஸ் எதிர்த்த 'புனருத்தாரணம்' இதுதான்.

கட்டியது பிழை என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளைகளுக்கு இருந்து வாசிக்க ஓர் இடம் வேண்டும்; நானும் அங்கே இருந்து வாசித்தவன். ஒரே ஒரு சுவரையாவது கரியோடு விட்டிருக்கலாமே என்று கேட்க, 21 நாள் அவகாசம் தந்த கடதாசி எதுவும் எந்த விளக்குக் கம்பத்திலும் தொங்கவில்லை என்பதுதான் என் குறை. 2003 பெப்ரவரியில் திறப்புவிழா வைக்க மாநகரசபை ஆயத்தமானபோது விடுதலைப்புலிகள் எதிர்த்தார்கள், விழா நின்றது, சபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். மேயரின் சாதி அதற்குக் காரணமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. எரித்தவனும் கேட்கவில்லை, கட்டியவனும் கேட்கவில்லை, தடுத்தவனும் கேட்கவில்லை.

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 1940ம் ஆண்டிலிருந்து புராதனச் சின்னங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தொல்பொருள் திணைக்களம் இருக்கிறது. ஆனால் 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளைப் பேணவென ஜனாதிபதி அமைத்த செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அப்படியொரு அமைப்பிடம் போய், எங்கள் மடத்தைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஊரில் யாருக்கு மனம் வரும்? பட்டியலில் சேர்ந்தால் காணி போய்விடும் என்ற பயம் எம்மவர்க்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயத்துக்குப் பின்னால் நாங்கள் செய்வதையும் பார்க்கவேண்டும். இன்று ஊரில் பழைய கட்டிடங்களை அதிகம் மாற்றுவது ஷெல்லுமல்ல, திணைக்களமுமல்ல. நாங்கள் அனுப்பும் பவுணும் ஃபிராங்கும் டொலருந்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய நாற்சார் வீட்டை இடித்துக் கண்ணாடி பதித்த மாடி எழுப்புகிறோம். திருப்பணி என்று சொல்லி, முருகைக்கல்லில் கட்டிய பழைய மண்டபத்தை இடித்துக் கொங்கிறீற்றில் ஊற்றி, உபயகாரர் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வைக்கிறோம். யார் கட்டினார்கள், எந்தச் சனம் எந்த வாசல் மட்டும் நின்றது, எப்போது உள்ளே வந்தது என்ற கதையெல்லாம் இடிந்த கல்லோடு லொறியில் ஏறிப்போகிறது. வாட்ஸப்பில் படம் வந்ததும் நாங்கள் கைகூப்புகிறோம்.

பருத்தித்துறையில் வீதிக்குக் குறுக்கே கல்லால் கூரை போட்டதுபோல் தெருமூடிமடம் இன்னும் நிற்கிறது. போவோர் வருவோர் களைப்பாறக் கட்டியது. அதைப்போல் ஊருக்கு ஒன்றாவது மிஞ்சவேண்டுமானால் கொழும்பை எதிர்பார்க்கத் தேவையில்லை. கோவில் சபையும் ஊர்ச்சங்கமும், இங்கே வருடாவருடம் ஒன்றுகூடல் வைக்கும் பழைய மாணவர் சங்கமும் ஒரு சிறு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் போதும்: காசு அனுப்புமுன் படம் எடுப்பது, அளவு எடுப்பது, இடிக்கப்போவதை ஊரின் எல்லாத் தெருவிலும் எழுதி ஒட்டுவது, ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் பொறுப்பது. எல்லாத் தெருவிலும் என்பதைக் கவனிக்கவேண்டும். முன்பு உள்ளே விடப்படாதவர்களின் தெருவிலும் ஒட்டவேண்டும். இங்கே பின்சுவரில் ஒரு குழாய் பூட்டுவதற்கு 21 நாள் காத்திருக்கப் பழகிய நாங்கள் அங்கே ஒரு மாதம் பொறுக்கமாட்டோமா?