வெந்நீர்க் கலம் வந்த வழி

தெஹிவளையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வீடுகளில் வெந்நீர் வேண்டுவோர் இன்று ஆளியை அழுத்துகின்றனர். முன்னாளிலோ விறகடுப்பில் கிடாரம் ஏற்றப்பட்டது. நிலமே வெந்நீர் சுரக்கும் இடங்களும் ஈழத்தில் உண்டு. திருகோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு கிணறுகளை இராவணன் கதையோடு இணைத்து மக்கள் பேசுவர். அத்தகையதோர் ஊற்று ஐஸ்லாந்து நாட்டிலும் உளது. அதன் பெயர் கெய்சிர். 1868 இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மோகன் என்பார் அமைத்த எரிவாயுக் கருவிக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. கீசர் என்னும் சொல்லின் பிறப்பு இதுவே.

மோகனின் கருவியில் பெருங்குறை ஒன்றிருந்தது. எரிந்த வாயு வெளியேறுதற்குப் புகைக்குழாய் இல்லை. அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஊறு விளைக்கும். பின்னர், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எட்வின் ரூட், 1889 இல், நீரைச் சேமித்துத் தானாகவே சூடாக்கும் கலத்தை ஆக்கினார். இலங்கையிலோ, 1950 இல் இலக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியமை மின்சாரம் பரவுதற்கு வழிகோலியது.

மின்கலத்தின் உறுப்புக்கள் சில, பண்டை ஆபத்துக்களை விலக்குதற்கென்றே தோன்றியவை. ஆதலின், காணப்படும் குறையைக் கொண்டு தளர்ந்த உறுப்பை அறியலாம். நீர் சூடேறாவிடின், மின்சாரம் வருகின்றதா என்பதை முதலில் நோக்கல் வேண்டும். வருமாயின், வெப்பச் சுருளோ வெப்பநிலைச் சீராக்கியோ பழுதுற்றிருக்கலாம். நீர் அளவு மீறிக் கொதிப்பின், ஐயுறத்தக்கது சீராக்கியே.

பாதுகாப்பு வால்வின் வரலாறு மிகப் பழையது. 17 ஆம் நூற்றாண்டில் டெனிஸ் பப்பின் தமது நீராவிக் கொப்பரை வெடியாதிருத்தற்கு அமைத்த வால்வே அதன் முன்னோடி. சூடேறும் நீர் விரியுமாதலால், அப்பொழுது அவ்வால்வில் சில துளிகள் கசிதல் இயல்பு. ஓயாது ஒழுகினால் அழுத்தம் மிகுந்தது, அல்லது வால்வு கெட்டது என்க. ஒழுக்கை நிறுத்தக் கருதி அவ்வாயை அடைத்தல் பெருந்தீங்கு. கலமே வெடித்தல் கூடும்.

துருநிற நீர் வருதற்கும் ஒரு வரலாறு உண்டு. கப்பல்களின் செப்புத் தகடு கடல்நீரில் அரியாதவாறு, அதனோடு நாகத்தையோ இரும்பையோ பொருத்தலாம் என 1824 இல் ஹம்பிரி டேவி காட்டினார். தகட்டுக்குப் பதிலாக அவ்வுலோகம் கரையும். உருக்குக் கலத்தினுள் இடப்படும் மகனீசியக் கோலும் அவ்வாறே தான் கரைந்து கலத்தைக் காக்கும். கோல் தீர்ந்தபின் கலம் அரிபடும். கடலை அண்டிய கிணறுகளில் உவர் ஏறுவதுண்டு; அந்நீரில் கோல் விரைந்து கரையும். ஆகையால், அதனைக் காலந்தோறும் பார்த்து மாற்றுதல் நன்று.

குழாயைத் தொடுங்கால் மின் தாக்குமாயின், புவித்தொடுப்பும் மின்காப்பும் ஐயத்துக்குரியன. அந்நிலையில் வீட்டின் தலைமை ஆளியை நிறுத்தி, தகுதி பெற்ற மின்வினைஞரை அழைத்தல் வேண்டும்; அவர் வந்து சீர்செய்யும்வரை அக்கலத்தை இயக்கலாகாது.