கோபாலபுரத்துப் பெயர்ப்பலகை

கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் அரவைக் காலத்தில் தருமபுரி மாவட்டத்துக் கோபாலபுரத்தைக் கடந்து செல்லும் பிரயாணிகள், சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் பெயரைப் படிக்கையில், இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று உயிர்நீத்த தேசபக்தரை நினைப்பார்களேயன்றி, தொழிலாளியின் சொல்லை முதலாளியின் செவிக்குக் கொண்டு சேர்த்தவர்களில் அவரும் ஒருவர் என்று எண்ணுவது அபூர்வம்.

1908 பிப்ரவரி இறுதியில், வ. உ. சிதம்பரனாரும் சிவாவும் ஊட்டிய உற்சாகத்தால், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நீண்ட வேலை நேரம், வார ஓய்வின்மை, அற்பக் கூலி ஆகியவற்றைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. சில நாட்களில் நிர்வாகம் இணங்கிக் கூலியை உயர்த்தியது. ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. ஆனால் மார்ச் 12 அன்று தலைவர்கள் இருவரும் கைதாயினர்.

பேசுவதற்கு ஓர் ஆசனம் கிடைக்கக் காலம் பிடித்தது. சென்னையில் 1918-இல் தொழிற்சங்கம் தோன்றி, கடும் போராட்டங்கள் கண்டபின், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளில் 1922-இல் தொழிலாளர் பிரதிநிதிகளுடன் ஒரு குழு அமைந்தது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உழைக்கும் ஸ்தாபனங்களில் தொழிற்கூடக் குழு அமைக்கப் பணிக்கும் அதிகாரத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கத்துக்குத் தந்தது.

இவையெல்லாம் பெரிய சங்கதிகள். எந்தச் சர்க்கரை ஆலையிலும் அபாயம் சிறிய உருவில்தான் வருகிறது. சாறு சிந்தி வழுக்கும் தரையும், சக்கை இழுக்கும் சங்கிலியில் கழன்று தொங்கும் மூடியும், முதலில் தென்படுவது பொறியாளருக்கன்று, இரவு ஷிப்டில் அதனருகே நிற்பவனுக்கே. "ஐயா, அந்த மூடி ஆடுதுங்க" என்று அவன் ஒருமுறை சொல்லுவான். மறுவாரமும் அது ஆடிக்கொண்டிருந்தால், பிறகு அதைத் தாண்டி நடக்கப் பழகிக்கொள்வான்.

போபால் விபத்துக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் போலும். அபாயகரமான தொழில்களில் இருதரப்பினரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை விதித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. உடனடி ஆபத்தைத் தொழிலாளி அறிவித்தால் நிர்வாகம் தாமதமின்றிப் பரிகாரம் செய்து ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆபத்தே இல்லையென்று கருதினாலும் விஷயத்தை அவரிடமே அனுப்பி அவர் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள்.