கொங்கு நாட்டுக் கூரைப் பழுதும் வீட்டுக் கிரயமும்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பழைய வீடு கைமாறும்போது, மனைக்கு அடுத்தபடியாக விலை பேசுவது கூரையைப் பார்த்துத்தான். கூரையை எப்போது, எதைக்கொண்டு பழுது பார்த்தார்கள் என்பது கிரயத்தில் தெரியும்.

ஓலைக்குப் பின் வந்தது நாட்டு ஓடு. மண்ணைச் சக்கரத்தில் குழலாக வனைந்து, ஈரம் காயுமுன் நெடுக்கில் பிளந்து, சூளையில் சுட்டது. பூனை ஓடினாலும் நகரும் என்பதால் அடிக்கடி ஓடு பிரித்து மேய வேண்டியிருந்தது.

அடுத்தது சீமை ஓடு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார். சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பேப்பூர் செல்லும் இருப்புப்பாதை 1862-லேயே முடிந்திருந்ததால், பிற்பாடு கோழிக்கோடு, பெரோக்கு ஆலைகளின் ஓடுகளும் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி எளிதாக வந்து இறங்கின. ஓர் ஓடு ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ. விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் ஆடிக்காற்றுக்கும் அசையாது. பாசல் மிஷன் ஓடுகளில் ஆலையின் பெயரோடு 1865 என்ற எண்ணும் பொறித்திருக்கும். அதை வீட்டின் வயது என்று சொல்லி விலையேற்றுவது தவறு. அது ஆலை தொடங்கிய ஆண்டு.

வசதியானவர்கள் மெட்ராஸ் ஒட்டு போட்டார்கள். மர உத்தரங்களின்மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லிக் காரையைக் கொட்டிக் கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து, தட்டோடு பதிப்பார்கள்.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டைவிட ரீப்பரும் கைமரமுமே முக்கியம். கறையான் தின்ற ரீப்பரை அப்படியே விட்டு ஓடு மட்டும் புதிதாக்கினால், மச்சு ஏறிப் பார்க்கும் ஆசாரி ஒரு தட்டில் கண்டுபிடித்துவிடுவார். ஓட்டைக் கழற்றிவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் சீட் போடுவது வீட்டின் மதிப்பைக் குறைக்கும். மெட்ராஸ் ஒட்டில் ஒழுகலுக்குச் சிமெண்ட் பூசுவது அதைவிடக் கெடுதல். சுண்ணாம்பிலிருந்து ஈரம் வெளியேற வழியின்றி, சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் தலைப்பு மக்கிப்போகும். பழைய முறைப்படி சுண்ணாம்பு கொண்டு செப்பனிட்ட வீடே நல்ல விலைக்குப் போகத் தகுதியானது.

சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55-இன்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறை தமக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஒழுகிய இடத்தில் புட்டி அடித்து வெள்ளை பூசி மறைப்பது இதற்கு மாறானது. கொத்தனார், ஆசாரி கூலிக் கணக்கையும் பொருள் வாங்கிய பில்லையும் வைத்திருப்பவருக்குப் பேரம் பேசுவது எளிது.

இன்றைய வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் தளத்தவை. பதிவு பெற்ற அடுக்ககத் திட்டங்களில், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டுநரே சரிசெய்து தர வேண்டும்.