இரவுக் கழுகாரின் தகப்பன் – 3: பகலுக்கு ஒருவன், ராத்திரிக்கு ஒருவன்

கும்மிடிப்பூண்டி லோக்கலும் திருவள்ளூர் லோக்கலும் புறப்படுகிற இடத்துக்குப் பெயர் தந்த மூர் மார்க்கெட், 1985 மே 30 அன்று எரிந்தது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன இடம். அதே ஆண்டுதான் சிவகாசி லயன் காமிக்ஸ், 'தலை வாங்கிக் குரங்கு' மூலம் இரவுக் கழுகார் என்கிற கௌபாய் டெக்ஸ் வில்லரைத் தமிழுக்குக் கூட்டி வந்தது. சிப்காட் ஷிப்ட் முடிந்து ரயிலேறுகிறவர் பையிலும் இடம் பிடித்துவிடக்கூடிய ஆள் அவர். சரி, அவர் பிறந்த மிலானுக்குத் திரும்புவோம்.

1948. டெக்ஸின் தகப்பனான கதாசிரியர் ஜான் லுயிஜி பொனெல்லிக்கு வயது நாற்பதை எட்டுகிறது. பதிப்பகத்தின் கடிவாளம், அவரைப் பிரிந்த மனைவி தேயாவின் கையில். பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை: கதை அவருடையது, கணக்கு அம்மணியுடையது. பல தம்பதிகளுக்கு வாய்க்காத ஏற்பாடு!

இரண்டு கதாநாயகர்கள் தயாரானார்கள். பெரிய அளவில், பகட்டாக வரவிருந்த வாள்வீச்சு வீரன் 'ஒக்கியோ கூப்போ' மீதுதான் எல்லார் நம்பிக்கையும். இன்னொருவன் கௌபாய். அவனுக்குக் கிடைத்தது செக் புத்தகம் போல நீளவாக்கில் ஒரு குட்டி இதழ். 32 பக்கம், விலை 15 லிரா. ஓவியர் கலெப்பினி ஒருவரே இரண்டுக்கும். பகலெல்லாம் வாள் வீரனுக்கு உழைத்துவிட்டு, மிச்சமிருந்த ராத்திரியில் கௌபாயை வரைந்தார். முகத்துக்கு ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பரின் சாயல்.

பொனெல்லி வைத்த பெயர் டெக்ஸ் கில்லர். கொலைகாரன் என்று அட்டையில் போட்டுக் குழந்தைகளிடம் விற்பதா? தேயா ஒரே ஓர் எழுத்தை மாற்றச் சொன்னார். கில்லர் வில்லர் ஆனான்.

செப்டம்பர் 30. டெக்ஸ் கடைக்கு வந்தான். பணமும் பகல் வெளிச்சமும் தின்ற வாள் வீரன் பன்னிரண்டே இதழ்களில் மூச்சை விட்டான். ராத்திரிப் பிள்ளை நின்றுவிட்டது.

பொனெல்லி நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் நாம் ரேஞ்சராகவே அறிந்த டெக்ஸ், முதல் கதையில் ரேஞ்சர் இல்லை. சட்டம் வலைவீசித் தேடும் ஆள். பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கி. கூடவே தேசா என்ற செவ்விந்தியப் பெண், முழங்காலுக்கு மேலே ஏறிய பாவாடையோடு. இத்தாலியின் ஒழுக்கக் காவலர்கள் இதையெல்லாம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கத்தரிக்கோலை எடுத்தார்கள். முதலில் சிக்கியது துப்பாக்கியா, பாவாடையா?

(அடுத்த இதழில்)