கருவி முதலா, பயிற்சி முதலா? கழுத்து வலிக்கான இயன்முறைச் சிகிச்சை

கழுத்து வலி என்று போகிறவருக்கு நம் ஊரில் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது. முதலில் எக்ஸ்ரே. வலி கைக்கு இறங்கினால் எம்.ஆர்.ஐ. பிறகு ‘எலும்பு தேய்ஞ்சிருக்கு’, ‘டிஸ்க் பிதுங்கியிருக்கு’ என்ற முடிவு. கழுத்துக்கு ஒரு காலர், பத்து நாள் ‘கரண்ட்’ எனப்படும் மின்சிகிச்சை. கடைசி நாளில் பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கடைசியில் தரப்படும் அந்தத் தாளில்தான் சிகிச்சையே இருக்கிறது. முன்னால் வந்தவற்றில் பல துணைகள், சில தேவையே இல்லாதவை.

படத்திலிருந்து தொடங்குவோம். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த நகாஷிமா குழுவினர் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல் இருந்தது. வலியே இல்லாதவர்களிடம் இவ்வளவு பரவலாகக் காணப்படும் மாற்றத்தை, வலியுள்ள ஒருவரிடம் கண்டவுடன் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘தேய்மானம்’ என்று கேட்ட நோயாளி வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்? தலையைத் திருப்பவே அஞ்சுகிறார். தண்ணீர்க் குடம் தூக்குவதை விடுகிறார், தலையணையை மாற்றுகிறார். அசைக்காத கழுத்தில் தசை மெலிகிறது, வலி நிலைக்கிறது.

தலை குனிந்து செல்பேசி பார்ப்பதால்தான் எல்லாம் என்ற பரவலான நம்பிக்கையையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலையை 60 டிகிரி சாய்த்தால் கழுத்தின் மேல் 60 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ சுமை விழுகிறது என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்ட அந்தக் கணக்கு கணினி மாதிரி ஒன்றிலிருந்து வந்தது. வலியுள்ள மனிதர் எவரையும் அளந்து பெற்றதல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 17 வயதினரின் கழுத்து நிலையை அளந்த ஆய்வு 2016இல் வந்தது. குனிந்து உட்கார்ந்தவர்களுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கும் இடையே கழுத்து வலியில் வேறுபாடு அதில் தெரியவில்லை. ‘நேரா உட்காரு’ என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நெடுநேரம் ஒரே நிலையில் அசையாமல் இருப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருள் உண்டு. நிலையின் கோணத்தைப் பற்றிய கவலையை அவ்வளவு பெரிதாக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இயன்முறை மருத்துவர் எதைத் தேட வேண்டும்? தசையின் வேலையை. கழுத்து எலும்புகளின் முன்புறம், உணவுக்குழாய்க்குப் பின்னால், லாங்கஸ் கோலி, லாங்கஸ் கேப்பிடிஸ் என்ற மெல்லிய தசைகள் எலும்போடு ஒட்டிக் கிடக்கின்றன. ஏழு எலும்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிலைநிறுத்தும் வேலையில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இவை சோர்ந்துபோய், மேலே இருக்கும் பெரிய தசைகள் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் க்வென்டோலன் ஜல் உருவாக்கிய சோதனை இதைக் கண்ணுக்குக் காட்டிவிடும். நோயாளி மல்லாந்து படுக்கிறார். கழுத்துக்கு அடியில் சிறு காற்றுப் பை, அதில் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். ‘ஆமாம்’ என்று மெல்லத் தலையசைப்பதுபோல் மோவாயை உள்ளே இழுத்து, அழுத்தமானியின் முள்ளை 22க்குக் கொண்டுவந்து பத்து விநாடி பிடிக்க வேண்டும். பிறகு 24, 26, 28, 30. வலியுள்ளவர்களில் பலருக்கு நடுவிலேயே முள் நடுங்கும். கழுத்தின் இரு பக்கமும் காதிலிருந்து மார்பெலும்புக்கு ஓடும் தசை கயிறுபோல் புடைத்து நிற்கும். எந்த எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. இதற்கு ஆகும் நேரமோ சில நிமிடங்கள்தான்.

சோதனையில் தெரிந்த குறையைச் சரிசெய்யும் வழியும் தெரிந்ததே. ஃபின்லாந்தில் யிலினென் குழுவினர் நாள்பட்ட கழுத்து வலி கொண்ட 180 பெண் அலுவலகப் பணியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்தனர். முதல் குழு ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி, தன் முழு பலத்தில் 80 விழுக்காடு எதிர்ப்பில் கழுத்தை வலுவாக்கியது. இரண்டாவது குழு படுத்தபடி தலையைத் தூக்கித் தூக்கித் தாங்குதிறனை வளர்த்தது. மூன்றாவது குழுவுக்கு நடை முதலான உடற்பயிற்சியும் தசை நீட்டலும் மட்டும். 2003இல் வந்த முடிவில், தலையை முன்னே குனிக்கும் பலம் முதல் குழுவில் 110, இரண்டாவதில் 28, மூன்றாவதில் 10 விழுக்காடு கூடியிருந்தது. வலியும் இயலாமையும் முதல் இரு குழுக்களிலும் மூன்றாவதைவிடத் தெளிவாகக் குறைந்தன. நம்மிடம் அதிகம் பரிந்துரைக்கப்படுவது அந்த மூன்றாவது குழு செய்ததுதான் என்பது என்னை உறுத்துகிறது. ‘கழுத்தை மெதுவா இப்படி அப்படித் திருப்புங்க’ என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

மருந்தோடு ஒப்பிட்டாலும் பயிற்சி தோற்கவில்லை. 2012இல் பிரான்ஃபோர்ட் குழுவினர் அமெரிக்காவில் 272 பேரிடம் செய்த ஆய்வில், வீட்டில் செய்யும் பயிற்சியும் அதற்கான அறிவுரையும் மாத்திரையைவிட நல்ல பலன் தந்தன. கைவைத்துக் கழுத்தெலும்பைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு அவை ஏறக்குறைய ஈடாகவும் இருந்தன. மின்சிகிச்சைக்கான சான்றுகள் மிகத் தாழ்ந்த தரத்தவை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மீளாய்வு சொல்கிறது. பயிற்சிக்கும் உயர்தரச் சான்று இல்லை என்று 2015இல் அதே அமைப்பு எழுதியதை மறைக்கக் கூடாது. வலுவூட்டும் பயிற்சிக்கு நடுத்தரமான சான்று உண்டு என்பதே அதன் முடிவு. தராசு சாயும் பக்கம் அதிலேயே தெரிகிறது.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான ஆய்வு நெதர்லாந்திலிருந்து வந்தது. நரம்பு அழுந்தி வலி கைக்கு இறங்கத் தொடங்கிய புதிதில், ஓய்வோடு சில வாரம் அணிந்த காலர், இயன்முறைச் சிகிச்சை ஆகிய இரண்டுமே சும்மா காத்திருப்பதைவிட நல்லவை என்று 205 பேரிடம் நடத்திய சோதனை 2009இல் காட்டியது. காலரைக் குப்பையில் போடச் சொல்லும் அவசரம் வேண்டாம். நாள் குறிக்காமல், எல்லாக் கழுத்து வலிக்கும் மாட்டிவிடுவதே தவறு. கழுத்தை இழுத்துவைக்கும் டிராக்‌ஷனும் அப்படித்தான். கைக்கு இறங்கும் வலியில், பயிற்சியோடு சேரும்போது அதற்கு ஓர் இடம் உண்டு.

பயிற்சியைத் தொடங்கவே கூடாத நேரமும் இருக்கிறது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது ஆகியவை தண்டுவடம் நெரிபடுவதன் அடையாளங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, விபத்து, புற்றுநோய் வரலாறு இவற்றோடு வரும் கழுத்து வலியும் உடனே மருத்துவரிடம் போக வேண்டியது. முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துச் சடக்கென்று நெட்டி முறிக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். திடீர்த் திருகலில் கழுத்தெலும்பு வழியே மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. ஆனால் வந்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

இவ்வளவு தெரிந்தும் கருவி ஏன் முந்துகிறது? கரண்ட் வைக்க ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். பயிற்சி கற்றுத்தர அரைமணி கூடவே நிற்க வேண்டும், அந்த அரைமணிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. நோயாளியும் கருவிக்குத்தான் மனமுவந்து பணம் தருகிறார். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். பெரிய கருவி எதையும் தூக்கிக்கொண்டு வர முடியாத அந்த நிலையில், கற்றுத்தருவதே சிகிச்சை ஆகிவிடுகிறது. மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு அவர்களிடம் கற்க வேண்டியது நிறைய.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபின்லாந்துப் பெண்களுக்குத் தொடக்கத்தில் பன்னிரண்டு நாள் மறுவாழ்வு மையப் பயிற்சி கிடைத்தது. திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அது கிடைக்காது. டென்மார்க்கில் ஆண்டர்சன் குழுவினர் 198 அலுவலகப் பணியாளர்களிடம் செய்த ஆய்வு அவருக்கு நெருக்கமானது. ரப்பர் குழாயைக் காலால் மிதித்துப் பிடித்து, இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது. ஒரே பயிற்சி, வாரம் ஐந்து நாள், பத்து வாரம். நாளுக்கு இரண்டே நிமிடம் செய்தவர்களின் வலி பத்துக்கு 1.4 புள்ளி குறைந்தது. பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கு 1.9. இடையில் உள்ள வேறுபாடு அரைப் புள்ளிதான். தேநீர் இடைவேளையில் இரண்டு நிமிடமும் ஒரு ரப்பர் குழாயும் தையல் கூடத்தில் கொடுக்க முடியாதவை அல்ல. நம் இயன்முறைக் கல்லூரிகளின் அடுத்த கள ஆய்வு அந்தக் கூடத்தில் நடக்க வேண்டும் என்று கேட்கிறேன்.