மிதவைப் போர் வானூர்தி மாதிரியுரு

மிதவைப் போர் வானூர்தி மாதிரியுரு என்பது, சக்கரங்களுக்குப் பதிலாக மிதவைகள் பொருத்தப்பட்ட போர்க்கால வானூர்தி ஒன்றினை, குறிப்பிட்ட அளவுத்திட்டத்தின்படி சிறிதாக்கி அமைக்கப்படும் உருவம் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வகை வானூர்திகள் சில நாடுகளால் உருவாக்கப்பட்டன. அவற்றுள் மாதிரியுரு அமைப்போரிடையே மிகவும் அறியப்பட்டது ஜப்பானியக் கடற்படையின் ஏ6எம்2-என் ஆகும். 327 எண்ணிக்கையில் கட்டப்பட்ட இவ்வானூர்தி, முழுமையான நிலையில் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. எனவே, ஒளிப்படங்கள், வரைபடங்கள் ஆகியவற்றுடன் மாதிரியுருக்களும் இதன் வடிவத்தை அறிவதற்கான சான்றுகளாக விளங்குகின்றன. மாதிரியுருவில் அளவுத் துல்லியம் வலியுறுத்தப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பெயரும் வகைப்பாடும்

நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும் வானூர்திகள் பொதுவாக நீர்வானூர்திகள் எனப்படும். இவை இரு வகைப்படும்.

* மிதவை வானூர்தி: வழக்கமான உடற்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க, அதன் கீழே தாங்குகால்கள் மூலம் பொருத்தப்பட்ட மிதவைகள் நீரில் அமையும்.
* பறக்கும் படகு: உடற்பகுதியின் அடிப்பாகமே படகு போன்று அமைந்து நீரில் மிதக்கும். கேட்டலினா, சண்டர்லேண்டு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ஏ6எம்2-என் முதல் வகையைச் சார்ந்தது. ஜப்பானியக் கடற்படை இதனை "இரண்டாம் வகை நீர்ப் போர் வானூர்தி" என அழைத்தது. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கின்படி 1942ஆம் ஆண்டு 2602 ஆகும். அதன் இறுதி எண்ணே பெயரில் இடம்பெற்றது. நேச நாட்டுப் படைகள் இதற்கு ரூஃப் என்ற குறிப்பெயரை வழங்கின.

மூல வானூர்தியின் வரலாறு

ஓடுபாதைகள் இல்லாத தொலைதூரத் தீவுகளில் இறங்கும் படைகளுக்கு வான்காப்பு அளிக்க, நீரிலிருந்தே இயங்கக்கூடிய போர் வானூர்தி ஒன்று ஜப்பானியக் கடற்படைக்குத் தேவைப்பட்டது. இதற்கென்று கவானிஷி நிறுவனம் கியோஃபு என்னும் வானூர்தியை வடிவமைத்து வந்தது. அது ஆயத்தமாகும் வரை இடைக்கால ஏற்பாடாக, மிட்சுபிஷி நிறுவனத்தின் புகழ்பெற்ற சீரோ போர் வானூர்தியில் மிதவைகளைப் பொருத்தும் பணி நாகாஜிமா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஷினோபு மிட்சுதாகே, அட்சுஷி தாஜிமா ஆகிய பொறியாளர்கள் இப்பணியில் முதன்மைப் பங்காற்றினர். முதற் பறப்பு 1941 டிசம்பரில் நிகழ்ந்தது.

மிதவைகளின் எடையும் காற்றுத் தடையும் வேகத்தைக் குறைத்தன. சக்கரங்கள் கொண்ட சீரோ மணிக்கு ஏறத்தாழ 533 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது; மிதவை கொண்டது ஏறத்தாழ 436 கிலோமீட்டர் வேகத்தையே எட்டியது. அலூசியன் தீவுகளிலும் சாலமன் தீவுகளிலும் இது பயன்படுத்தப்பட்டது. 1942 ஆகஸ்ட் 7 அன்று துலாகித் தீவருகே நீரில் நின்றிருந்த இவ்வகை வானூர்திகள் அமெரிக்கத் தாக்குதலில் அழிந்தன. தீவுகளில் விரைவாக ஓடுபாதை அமைக்கும் திறனை அமெரிக்கப் படைகள் பெற்ற பின்னர், மிதவைப் போர் வானூர்தியின் தேவையே குறைந்து போனது. உற்பத்தி 1943இல் நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையினர் பழுதுபார்த்துப் பறக்கவிட்ட ஒன்றும் விபத்துக்குள்ளாகி அழிந்தது.

பிரித்தானியாவின் ஸ்பிட்ஃபயர், அமெரிக்காவின் வைல்டுகேட் ஆகியவற்றிலும் மிதவைகள் பொருத்திப் பார்க்கப்பட்டன. ஆனால் அவை ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. கியோஃபு 97 மட்டுமே கட்டப்பட்டது. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தில் பிரடெரிக்சுபர்க்கு நகரிலுள்ள பசிபிக் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

செங்கற்பட்டுக் கடற்கரையும் நீர்வானூர்திகளும்

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படைகள் போர்ட் பிளேரைக் கைப்பற்றின. அங்கு ஜப்பானியப் பறக்கும் படகுகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், ஏப்ரல் 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. கொழும்பை நோக்கி வந்த கப்பற்படையை முதலில் கண்டு எச்சரித்தது, இலங்கையின் கொக்கலையிலிருந்து ஏப்ரல் 4 அன்று புறப்பட்ட கேட்டலினா பறக்கும் படகு ஆகும். அம்மாதத்தில் சென்னை நகர மக்கள் பெருமளவில் உள்நாட்டு ஊர்களுக்கு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பலவும் இடம் மாற்றப்பட்டன. தெற்கு நோக்கிய தொடர்வண்டிப் பாதை செங்கற்பட்டு வழியாகவே சென்றது.

அதே ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த செங்குன்றம் ஏரி, பிரித்தானிய வான்படையின் பறக்கும் படகுத் தளமாயிற்று. 240ஆம் அணியின் கேட்டலினாக்கள் இங்கிருந்து வங்காள விரிகுடாவின் மீது கண்காணிப்புப் பறப்புகளை மேற்கொண்டன. 1944இல் 628ஆம் அணி இங்கு உருவாக்கப்பட்டு அவ்வாண்டிலேயே கலைக்கப்பட்டது. புழல் ஏரி என்றும் வழங்கும் இந்நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீர் ஆதாரமாகும்; இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்குகிறது. மாமல்லபுரம், கோவளம் ஆகியவை 2019 நவம்பர் 29 அன்று உருவான இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளன.

கோவளம் முதல் மாமல்லபுரத்துக்குத் தெற்கு வரையுள்ள கரை திறந்த கடலை நோக்கியது, கரையலை மிகுந்தது. சென்னையிலும் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே சென்று வந்தன. இத்தகைய அலையில் மிதவை வானூர்தி இறங்குவது ஆபத்தானது. மாதிரியுருவைக் காட்சிப்படுத்தும்போது இச்செய்தி கருத்திற் கொள்ளத்தக்கது.

அளவுத்திட்டம்

ஏ6எம்2-என் வானூர்தியின் இறக்கை விரிவு 12.00 மீட்டர், நீளம் 10.10 மீட்டர், உயரம் 4.30 மீட்டர். வழக்கிலுள்ள அளவுத்திட்டங்களில் இவை பின்வருமாறு அமையும்.

* 1/72: விரிவு 167 மி.மீ., நீளம் 140 மி.மீ., உயரம் 60 மி.மீ.
* 1/48: விரிவு 250 மி.மீ., நீளம் 210 மி.மீ., உயரம் 90 மி.மீ.
* 1/32: விரிவு 375 மி.மீ., நீளம் 316 மி.மீ., உயரம் 134 மி.மீ.

1/48 அளவில் 168 செ.மீ. உயரமுள்ள மனிதர் 35 மி.மீ. உயரமே இருப்பார். அவ்வளவில் ஏற்படும் 1 மி.மீ. பிழை, உண்மையான வானூர்தியில் ஏறத்தாழ 5 செ.மீ. பிழைக்கு ஒப்பாகும். டாமியா நிறுவனம் 1/48 அளவிலும், ஹசெகாவா நிறுவனம் 1/72 அளவிலும் இவ்வானூர்தியின் நெகிழிப் பாகத் தொகுப்புகளை வெளியிட்டுள்ளன.

அமைக்கும் முறை

விமானி அறை

உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு விமானி அறையினுள் தூரிகை நுழையாது. ஆகவே இருக்கை, கருவிப் பலகை, பக்கச் சுவர்கள் ஆகியவற்றை முதலிலேயே வண்ணம் தீட்டி முடித்தல் வேண்டும். உட்புறம் பச்சை நிறமுடையது. மூடிய உட்பகுதிகளில் அரிப்பைத் தடுக்க, அவோதாகே எனப்படும் நீலப்பச்சை நிற ஒளிபுகு மெருகெண்ணெய் பூசப்பட்டது. வெள்ளி நிறத்தின் மேல் நீலப்பச்சை மெருகை மெல்லியதாகப் பூசினால் இத்தோற்றம் கிடைக்கும்.

சீரோ தொகுப்பிலிருந்து மாற்றியமைத்தல்

மிதவைத் தொகுப்பு கிடைக்காதோர் சக்கரங்கள் கொண்ட சீரோ தொகுப்பைத் திருத்தி அமைப்பதுண்டு. அவ்வாறு செய்வோர் பின்வரும் மாற்றங்களைச் செய்தல் வேண்டும்.

* சக்கரக் குழிகளை நெகிழித் தகட்டால் மூடி, புட்டி நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துதல்.
* வால் சக்கரத்தையும், கப்பலில் இறங்க உதவும் கொக்கியையும் நீக்கி அவ்விடங்களை அடைத்தல்.
* வாலின் கீழே சிறு துடுப்பு ஒன்றைச் சேர்த்தலும், சுக்கானைப் பெரிதாக்குதலும். மிதவைகளால் குறைந்த திசை நிலைப்பை ஈடுசெய்யவே மூலத்தில் இம்மாற்றங்கள் செய்யப்பட்டன.
* 21ஆம் மாதிரித் தொகுப்பாயின் இறக்கை நுனியிலுள்ள மடிப்புக் கோட்டை நிரப்புதல். ஏ6எம்2-என் வானூர்திக்கு அடிப்படையான 11ஆம் மாதிரியில் இறக்கை நுனி மடிவதில்லை.

மிதவைகள்

முழு வேலையிலும் கடினமான பகுதி இதுவே. உடற்பகுதியின் கீழே ஒரு பெரிய மிதவையும், இரு இறக்கைகளின் கீழே ஒவ்வொரு சிறு மிதவையும் உள்ளன. பெரிய மிதவை முன்புறம் தடித்த தாங்குகாலாலும், பின்புறம் மெல்லிய தாங்குகால்களாலும் பிணைக்கப்பட்டது. அதனுள் எரிபொருள் தொட்டியும் இருந்தது. சிறு மிதவைகள் ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில் நிற்கின்றன. பெரிய மிதவையின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு படி காணப்படும். வேகமெடுக்கும்போது நீர் அடிப்பாகத்தைப் பற்றி இழுக்காமல் விடுபட இது உதவுகிறது. தேய்க்கும்போது இப்படியின் கூரிய விளிம்பு மழுங்கிவிடாமல் காத்தல் வேண்டும்.

மூன்று மிதவைகளும் ஒரே திசையில் அமைதல் இன்றியமையாதது. கட்டமிட்ட தாளின் மீது நடுக்கோடு வரைந்து, தடித்த அட்டையில் வெட்டிய தாங்கியில் வானூர்தியைத் தலைகீழாக நிறுத்தி, பசையின்றி முதலில் பொருத்திப் பார்ப்பர். முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும், மேலிருந்தும் சரிபார்த்த பின்னரே ஒட்டுவர். நெகிழியை உருக்கி இணைக்கும் பசை மெதுவாக இறுகுவதால் திருத்த நேரம் கிடைக்கும். உடனடிப் பசை அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

வண்ணம்

தொடக்கக் கால வானூர்திகள் முழுவதும் இளஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன. பின்னர் மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் சாம்பலாகவும் மாற்றப்பட்டது. பொறியின் மூடி கருநிறமுடையது. இறக்கைகளிலும் உடற்பகுதியிலும் சிவப்பு வட்டம் இடம்பெறும். இவ்வட்டங்களும் வால் எண்களும் டீக்கால் எனப்படும் நீரில் நனைத்து ஒட்டும் படங்களாகத் தொகுப்பிலேயே வழங்கப்படுகின்றன.

கடற்கரைத் தட்பவெப்பம் இவ்வேலையைப் பாதிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் மிகும். அப்போது தெளிக்கப்படும் லாக்கர் வண்ணம் வெண்படலம் படர்ந்து மங்கலாம். எனாமல் வண்ணம் உலர நீண்ட நேரமாகும். மழை ஓய்ந்த உலர்ந்த பகற்பொழுதே தெளிப்பதற்கு ஏற்றது. கோடையில் தூரிகையிலேயே வண்ணம் காய்ந்துவிடுவதால் சற்று நீர்க்கக் கலப்பர். உப்புக் காற்றில் கத்தி, அரம், ஊசி ஆகியவை விரைவில் துருவேறும்; எண்ணெய் தடவி மூடி வைத்தல் நன்று.

பழமைத் தோற்றம்

கடலில் இயங்கிய வானூர்தியின் வண்ணம் வெயிலாலும் உப்பாலும் பெயர்ந்துவிடும். இதனைக் காட்ட உப்பு முறை பயன்படுகிறது. வெள்ளி நிறம் உலர்ந்த பின் சில இடங்களை நீரால் நனைத்து, உப்புப் பரல்களைத் தூவிக் காயவிட்டு, மேல்வண்ணம் தெளிப்பர். பின்னர் உப்பைத் தட்டி நீக்கினால் அவ்விடங்களில் உலோகம் வெளிப்பட்டது போன்று தோன்றும்.

கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு ஆகிய மீனவர் ஊர்களில் மணலில் ஏற்றி நிறுத்தப்படும் கண்ணாடியிழைப் படகுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். கடலுக்குச் சென்று திரும்பியதும் கரையேற்றப்படும் கலத்தில் பாசி தடித்துப் படிவதில்லை. மாறாக, அடிப்பாகத்தில் மணல் உராய்ந்த நீளக் கீறல்களும், மேற்பாகத்தில் வெளிறிய வண்ணமும் காணப்படும். சிறு வண்டிகளில் ஏற்றிக் கரையில் நிறுத்தப்பட்ட மிதவை வானூர்திகளுக்கும் இது பொருந்தும். எனவே மிதவையில் பச்சைப் பாசிக் கோடு வரைவது பெரும்பாலும் பொருத்தமற்றது.

காட்சிப்படுத்தல்

நீரில் நிற்பதாகக் காட்டும்போது கடற்கழி அல்லது ஏரி போன்ற அமைதியான நீர்ப்பரப்பையே அமைத்தல் வேண்டும். பெரிய மிதவை நடுவில் ஒன்றே இருப்பதால், நிற்கும் வானூர்தி சற்று ஒருபுறம் சாய்ந்து ஒரு சிறு மிதவை நீரைத் தொடுவது இயல்பு. நீர்ப்பரப்பைச் சுண்ணச் சாந்தால் உருவாக்கி, வண்ணமிட்டு, ஒளிபுகு அக்ரிலிக் கூழ் பூசுவர்.

பாதுகாப்பு

உடனடிப் பசை, அசிட்டோன், எனாமல் கரைப்பான் ஆகியவற்றின் ஆவி தீங்கானது. காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலை செய்தல் வேண்டும். வண்ணம் தெளிக்கும்போதும் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் முகமூடி அணிதல் நன்று. சிறுவர்கள் கூரிய கத்தியைப் பெரியோர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தலாம்.

மாதிரியுருவும் மறைந்த மூலமும்

மூலம் அழிந்து அதன் உருவம் மட்டும் எஞ்சுவது இக்கடற்கரைக்குப் புதிதன்று. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்தில் ஒற்றைக் கற்களில் செதுக்கப்பட்ட ஐந்து இரதங்கள், அக்கால மரக் கட்டடங்களின் உறுப்புகளைக் கல்லில் காட்டுகின்றன. திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலின் வடிவிலும், பீம இரதம் வண்டிக்கூடு போன்ற கூரையுடனும் அமைந்துள்ளன. அம்மரக் கட்டடங்கள் இன்று இல்லை. அவற்றின் வடிவத்தை ஆய்வாளர்கள் இக்கல்லுருவங்களிலிருந்தே பெரிதும் அறிகின்றனர்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிறுவனம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. சிற்ப மரபின் தால அளவு, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உறுப்புகளின் விகிதத்தை வரையறுக்கிறது. உருவம் எப்பருமனிலும் அமையலாம். வானூர்தி மாதிரியுருவின் அளவுத்திட்டமோ உண்மையில் இருந்த ஒரு பொருளின் அளவோடு பிணைந்தது. ஏ6எம்2-என் போன்று மூலம் எஞ்சாத நிலையில், மாதிரியுருவில் புகும் பிழையை நேரில் ஒப்பிட்டுத் திருத்த இயலாது. எனவே போர்க்கால ஒளிப்படங்களோடு ஒவ்வோர் உறுப்பையும் ஒப்பிட்டு அமைப்பதே ஏற்கத்தக்க முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* நீர்வானூர்தி
* மிட்சுபிஷி சீரோ
* புழல் ஏரி
* பஞ்ச பாண்டவ இரதங்கள்
* வானூர்தி மாதிரியமைப்பு